இரண்டாவது, நான்காவது ஞாயிறு

என் தம்பி குற்றாலீஸ்வரனுக்குத் தன் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான்: "என்ன சாப்பிடுத?" இதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் அவனைக் கேலி செய்த காலம் உண்டு. இப்போது யாரும் செய்வதில்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். என் தம்பி தன் பிள்ளைகளுக்கே ஊட்டினான், அதுவும் ஒன்றரை வருடம், ஓட்டலில் உட்கார வைத்து. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் மற்றவர் யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மேலகரத்துக்காரர்கள். கிழக்கே தென்காசி, மேற்கே குற்றாலம், நடுவில் எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் பையன் வளர்ந்தால் போலீஸ், இல்லாவிட்டால் பட்டாளம். ஈஸ்வரன் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனான். நான் தென்காசியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. என் பெயர் ஆவுடைத்தாய். அவனைவிட ஏழு வயது மூத்தவள். அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான்.

பட்டாளத்துக்காரனுக்கு வருடத்தில் இரண்டு லீவு. கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் அந்த லீவுக்குள் அடங்க வேண்டும். பையனுக்கு எங்கள் அப்பா பெயரான பரமசிவன் என்று வைத்தோம், பரமு என்று கூப்பிட்டோம். மூன்று வருடம் கழித்துப் பெண் பிறந்தாள், வேல்விழி. ஒவ்வொரு லீவிலும் வந்து இறங்கிய மறுநாளே ஈஸ்வரன் குடும்பத்தை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். வீட்டில் வைத்துப் பழகினால் பிள்ளைகளுக்கு அவன் முகம் பிடிபட நாலு நாள் ஆகும். ஓட்டலில் ஐஸ்கிரீம் வந்ததுமே பழகிவிடும். புளியறை ரோட்டில் லாரிக்காரர்கள் நிறுத்துகிற கடையில் புரோட்டா, தென்காசி சைவ ஓட்டலில் நெய் ரோஸ்ட், அடுத்த நாள் வேறு ஒன்று. பதினைந்து நாள் லீவில் ஒன்பது நாள் வெளிச் சாப்பாடு.

அவன் மனைவி அனுசியா ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "மைனி, இவங்க வந்தா நான் அடுப்பே பத்த வைக்கிறதில்ல. தெருவுல எல்லாரும் பொறாமப்படுதாங்க. எனக்குத்தான் இவங்ககூட வீட்டுல உக்காந்து ஒரு நா கஞ்சி குடிக்கணும்னு இருக்கு."

அதை நான் அவள் அடித்துக்கொள்ளும் பெருமை என்று நினைத்தேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுப் பேசினேன்.

முப்பத்தாறு வயதில் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தான். முதல் ஒரு மாதம் லீவில் வந்தவன் மாதிரியே இருந்தான். பிறகு ஆரம்பித்தது. வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும், யார் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், பிள்ளைகள் ஏன் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு. ஏழு வருடம் அந்த வீட்டை ஒற்றை ஆளாக நடத்தியவள் அனுசியா. அவள் பட்டாளத்தில் சேரவில்லையே, கேட்டுக்கொண்டிருக்க. ஒரு நாள் கை நீட்டிவிட்டான். "ஒரு தடவதானே" என்று எங்கள் அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஒரு தடவை போதும். அனுசியா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டையில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் செய்தது சரி என்று எனக்கு அன்றைக்கே பட்டது. ஆனால் தம்பி பக்கம்தானே நிற்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வழக்கு நடந்தது. பிள்ளைகள் அம்மாவிடம். அப்பாவுக்கு மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு, காலை பதினொன்று முதல் மதியம் இரண்டு வரை, தென்காசியில் ஏதாவது ஒரு பொது இடத்தில். ஈஸ்வரன் கேட்டது வேறு. மாதத்தில் ஒரே ஒரு ராத்திரி பிள்ளைகள் மேலகரத்து வீட்டில் தன் பக்கத்தில் படுத்து எழும்ப வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. முதலில் இப்படிக் கொஞ்ச காலம் போகட்டும், சிக்கல் இல்லாமல் நடந்தால் பிறகு மனுப் போடலாம் என்றார் வக்கீல். அன்றிலிருந்து அந்த ஒரு ராத்திரிக்காகவே அவன் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பொது இடம் என்று எழுதியிருந்தது. தென்காசியில் பெரிய கோயில் இருக்கிறது, பிரகாரத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பூங்கா இருக்கிறது. ஆனால் என் தம்பிக்குப் பொது இடம் என்றால் ஓட்டல்தான். வேறு இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு, இஸ்திரி போட்ட சட்டையோடு பத்து மணிக்கே போய் ஒரு சைவ ஓட்டலில் குடும்பத்தோடு உட்காருகிற மேசையைப் பிடித்துக்கொண்டான். அனுசியாவின் தம்பி பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டுப் போனான். ஈஸ்வரன் கேட்டான், "என்னலே சாப்பிடுத?" பரமு, "நீங்க சொல்லுங்கப்பா" என்றான். இவன் நெய் ரோஸ்ட் சொன்னான், பூரி சொன்னான், அப்புறம் பன்னீர் போட்டது ஏதோ ஒன்று சொன்னான். எல்லாவற்றையும் ஏழு வயதுப் பையன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டான்.

மதியம் எனக்குப் போன் வந்தது. "அக்கா, பய ஒத்தையா ரெண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டாம்க்கா!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பட்டாளத்தில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட இப்படிப் பேசவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா வாங்கிக் குடு. அங்கன என்னத்தப் போடுதாவளோ, பிள்ள காஞ்சு போயில்லா வந்திருக்கு." இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளே ஒரு திருப்தி. செங்கோட்டை வீட்டில் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று நான் உண்மையில் நம்பவில்லை. நம்பினால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரண்டாவது, நான்காவது ஞாயிறும் இதே கதை. என் முதல் கேள்வி, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பது அல்ல. என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான். அவன் பட்டியல் படிப்பான். சில வாரம் நானும் ஒன்றரை மணி வாக்கில் ஒரு டப்பாவில் முந்திரிக்கொத்து செய்து எடுத்துக்கொண்டு போவேன். "அத்த கையால ரெண்டே ரெண்டு" என்று பரமுவின் வாயில் திணிப்பேன். பரமு மாட்டேன் என்று சொன்னதே இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்கும். காரம் என்று நினைத்துக்கொள்வேன். வெல்லப் பாகில் செய்கிற முந்திரிக்கொத்தில் ஏது காரம்?

வேல்விழி வேறு மாதிரி. நாலு வயது. அவள் விழுங்கமாட்டாள். வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஈஸ்வரன் போனில் கார்ட்டூன் போட்டுச் தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைப்பான். அவள் படத்தைப் பார்க்க, இவன் அவள் வாயைப் பார்க்க, பையன் தன் தட்டைப் பார்க்க மூன்று மணி நேரம் ஓடிவிடும். பக்கத்து மேசைப் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம், "பாருங்க, அவரு எவ்வளவு பொறுமையா ஊட்டுதாரு" என்று சொல்வது காதில் விழும். என் தம்பி நிமிர்ந்து உட்காருவான். சாம் என்று ஒரு சப்ளையர், எங்களுக்குப் பழக்கமாகிவிட்டவர், ஒரு தடவை மெதுவாகச் சொன்னார்: "சார், தம்பிக்குப் போதும்னு நெனைக்கேன். மூச்சு வாங்குதான் பாருங்க." ஈஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளை சாப்பிடுவதில் கண் வைக்கிறான் என்று அன்றைக்கு உப்பு வாங்கிச் சுற்றிப் போடச் சொன்னான். நானும் சுற்றிப் போட்டேன். படித்தவள் நான்.

ஒன்றரை வருடம் போனது. சிக்கல் ஏதும் இல்லை. வக்கீல் மனுப் போட்டார். ஆகஸ்டில் விசாரணை. அனுசியாவும் கொஞ்சம் இளகியிருந்தாள். காலாண்டு விடுமுறையில் ஒரு ராத்திரி என்றால் தனக்கு ஆட்சேபம் இருக்காது என்று அவள் தம்பி மூலமாகச் சொல்லிவிட்டிருந்தாள். ஈஸ்வரன் புதிதாகப் பாய், தலையணை வாங்கினான். வேல்விழி தலையணையில் முயல் படம் போட்டிருந்தது.

ஜூலை நான்காவது ஞாயிறு, குற்றாலத்தில் நல்ல சாரல். பிள்ளைகள் அருவி பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள் என்று அனுசியாவே அனுமதி கொடுத்தாள். இரண்டு மணிக்குத் தென்காசிப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். நானும் கூடப் போனேன். பரமு ஆட்டோவிலேயே சட்டையைக் கழற்றிவிட்டான், உள்ளே குளிக்கிற டவுசர் போட்டுக்கொண்டே வந்திருந்தான்.

மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஈஸ்வரன் ஓட்டலைப் பார்த்து நின்றுவிட்டான். "முதல்ல சாப்பிட்டுருவோம். குளிச்சிட்டு வந்தா கூட்டம் தாங்காது."

அப்போதே கூட்டம் தாங்கவில்லை. சீசனில் குற்றாலத்து ஓட்டல்களில் எப்படி இடம் பிடிப்பார்கள் என்று தெரியும்தானே. சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவன் எப்போது கை கழுவ எழுந்திருப்பான் என்று அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அருவியில் குளித்த தலையோடு ஊரே உள்ளே நின்றது. தரையெல்லாம் தண்ணீரும் எண்ணெயும். ஈஸ்வரன் ஆளுக்கொரு நாற்காலிக்குப் பின்னால் எங்களை நிறுத்தினான். ஐந்து வயசு வேல்விழிக்கும் ஒரு நாற்காலி.

"அப்பா, அருவிக்குப் போவோமா?" என்று பரமு கேட்டான்.

"சாப்பிட்டுட்டுப் போவோம்லே."

இடம் கிடைக்க முக்கால் மணி நேரம். புரோட்டா வர அரை மணி நேரம். "அப்பா, போவோமா?" "இந்தா ஆச்சு. சிக்கன் வரட்டும்." பையன் வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தான். முடித்தால்தான் அருவி என்று அவனுக்குக் கணக்கு. நாலு புரோட்டா, சால்னா, பொரித்த கோழி. அவன் வேகத்தைப் பார்த்து ஈஸ்வரனுக்குப் பூரிப்பு. "பாத்தியாக்கா, சாரலுக்கு என்னமா பசிக்கி பிள்ளைக்கு!" என்று சொல்லி இன்னும் இரண்டு சொன்னான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கை கழுவி வெளியே வந்தபோது மணி ஒன்றே கால். அருவிக்கரையில் ஆண்கள் வரிசை கடைத்தெரு வரைக்கும் நின்றது. தூரத்திலிருந்து வெள்ளையாக விழுவதைக் காட்டிவிட்டு ஆட்டோ பிடித்தோம். பரமு அழவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி வந்தான்.

பஸ் ஸ்டாண்டில் அனுசியா நின்றுகொண்டிருந்தாள். பரமு ஆட்டோவை விட்டு இறங்கி அவளிடம் நாலு எட்டுத்தான் நடந்திருப்பான். குனிந்து வாந்தி எடுத்தான். அவள் சேலையில், என் காலில், தரையில். நிற்கவே இல்லை. நான்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். புரோட்டாவோடு புட்டு கிடந்தது. பச்சைப் பயறு, மெல்லாமல் விழுங்கியது, முழுசு முழுசாகக் கிடந்தது.

"ஏலே பரமு," என்றேன், "வீட்டுல சாப்பிட்டுட்டா வந்த?"

பையன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். உதட்டில் ஒரு பயறு ஒட்டியிருந்தது. "இல்ல அத்த" என்றான்.

நான் அனுசியாவிடம் திரும்பினேன். "இவனுக்குச் சாப்பாடு போட்டுட்டா அனுப்புத?"

"பின்ன? வெறும் வயித்தோடயா பிள்ளைய வெளிய அனுப்புவாவ? உங்க வீட்டுலயும் அதான மைனி பழக்கம்? எங்க போனாலும் பசிச்ச பிள்ளையா போயி உக்காரக் கூடாதுன்னு பத்தரை மணிக்குப் புட்டும் பயறும் வச்சுக் குடுத்து, தின்னு முடிச்சப்புறந்தான் அனுப்புவேன்."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "இவன் எங்கிட்ட, ஓட்டல்ல ஒண்ணும் சாப்பிடல, ஜூஸ் மட்டும் குடிச்சோம்னு சொல்லுவான். அதனால வந்ததும் மறுபடி சோறு போடுவேன்."

பஸ் ஸ்டாண்டு நடுவில் மூன்று பெரிய மனுஷர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பழக்கம் ஒன்றும் தப்பான பழக்கம் இல்லை. வாசலைத் தாண்டுகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது; வந்த பிள்ளையைச் சாப்பிட வைக்காமல் திருப்பக் கூடாது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதுதான். வீடு ஒன்றாக இருந்தவரை இரண்டும் ஒரு சாப்பாடாக இருந்தது. அதற்குப் பிறகு ஏழெட்டு வயது வயிறு ஒன்று இரண்டு வீட்டு மரியாதையையும் சுமந்திருக்கிறது. வேல்விழிக்கு நடிக்கத் தெரியவில்லை, அதனால் விழுங்கவில்லை. இவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கே, அந்த இடத்திலேயே, நாங்கள் மூன்று பேரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அதற்கெல்லாம் நல்ல மனசு வேண்டும். பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாவது நாள் செங்கோட்டையிலிருந்து வக்கீல் நோட்டீஸ்: தகப்பன் கண்ட கண்ட ஓட்டல் சாப்பாட்டை வாங்கிக் கொடுத்துப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து விளைவித்தான். எங்கள் வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "புட்டு, பயறுன்னு சொன்னீங்களே, அதப் பாத்தது யாரு? நல்ல பாயின்ட்டுல்லா." தாய் வேண்டுமென்றே வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்து, தகப்பன் மேல் பழி விழும்படி அனுப்புகிறாள் என்று பதில் தயாரானது. பையனின் வாந்தியில் முழுப் பயறு கண்டதாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் பொய் ஒரு எழுத்து இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

விசாரணையன்று எப்சிபா என்ற ஆலோசகர் அம்மா பையனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். அவர் எழுதிக் கொடுத்ததை வக்கீல் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "ரெண்டு பேரும் நான் சாப்பிட்டேனான்னுதான் கேப்பாங்க. சாப்பிட்டேன்னா சண்ட வராது." அப்பா வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறாயா என்று கேட்டதற்கு, "அங்க எத்தன நேரம் சாப்பிடணும்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான்.

மனு தள்ளுபடி. அத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. இனிமேல் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், கோர்ட்டில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று இருக்கிற அறையில், ஆலோசகர் முன்னால். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. ஈஸ்வரன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து புதுப் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டான். முயல் தலையணையை அம்மா எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள்.

முதல் சனிக்கிழமை நானும் போனேன். என்னை உள்ளே விடவில்லை; திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சக்கரம் இல்லாத ஒரு பொம்மைக் கார், ஓரத்தில் எப்சிபா அம்மாவின் மேசை. ஈஸ்வரன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தான். பிள்ளைகள் எதிரே உட்கார்ந்தார்கள். அவன் வாயைத் திறந்தான். "என்ன..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

பரமு அறையைச் சுற்றிப் பார்த்தான். "இங்க சாப்பாடு கிடையாதாப்பா?"

"கிடையாதுலே."

"இனிமே எப்பவுமா?"

"எப்பவும் கிடையாது."

பையன் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினான். அந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். பள்ளிக்கூடம், மழை, பக்கத்து வீட்டு நாய் என்று ஒன்றுவிடாமல் பேசினான். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். எதற்கோ வாயைத் திறந்து சிரித்தபோதுதான் பார்த்தேன். கீழ்வரிசையில் ஒரு பல் விழுந்து, புதுப் பல் பாதி முளைத்திருந்தது. என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். இது தெரியவில்லை.

ஈஸ்வரனும் பார்த்துவிட்டான். குனிந்து பையன் தாடையைப் பிடித்தான். "எப்பலே பல்லு விழுந்துச்சு?"

"அது அப்பவே. ஓட்டல்ல. தோச சாப்பிடும்போது, தோசயோட சேத்து முழுங்கிட்டேன்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

பரமு காரைத் தரையில் தேய்த்துக்கொண்டே யோசித்தான்.

"வாயில தோச இருந்துச்சுப்பா. அது முடியுததுக்குள்ள நீங்க பூரி சொல்லிட்டீங்க."